வசனம் வரும் பக்கம்

நான் நடிக்கும் தொடரில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. அதற்கு நேரம் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு எழுத்தாளரிடமிருந்து சீன் பேப்பர் வரும். ஒன்பதரைக்கு முதல் ஷாட். கேமராவுக்குப் பக்கத்தில் ஓர் உதவி இயக்குநர் தாளைப் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பார். காதில் விழுவதை வாங்கி, முகத்தில் கொஞ்சம் உணர்ச்சியைப் போட்டு, நாங்கள் திருப்பிச் சொல்வோம். அவர் படிக்கிற சத்தமும் சேர்ந்துதான் பதிவாகும். பிறகு டப்பிங்கில் எங்கள் குரலைத் தனியாகப் பேசிச் சேர்த்துவிடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் எங்கள் நெஞ்சிலிருந்து வருவதுபோல இருக்கும்.

இதில் ஒரே ஓர் ஆபத்து உண்டு. தாளில் வசனத்தோடு அடைப்புக்குறிக்குள் குறிப்புகளும் இருக்கும். திரும்புகிறார், கண்ணைத் துடைக்கிறார் என்று. படிப்பவர் அதையும் குரலைத் தாழ்த்திப் படித்துவிடுவார். பல வருடங்களுக்கு முன் வக்கீலாக நடித்த ஒருவர், கணவனை இழந்த பெண்ணின் தலையில் கை வைத்து, கனிவு ததும்ப, "இங்க கொஞ்சம் அழுதுட்டு அந்தப் பக்கம் போயிடணும்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் யூனிட்டில் யார் எதை உளறினாலும் "ப்ராக்கெட்டைப் பேசிட்டாரு" என்பார்கள்.

இருபத்தாறு வருடத்தில் நான் ஒருமுறைகூட ப்ராக்கெட்டைப் பேசியதில்லை. அதற்குக் காரணம் திறமை இல்லை, பயம். எடுத்துக் கொடுக்கும் வரியைக் கேட்ட பிறகும் ஒரு மூச்சு காத்திருப்பேன். அது வசனமா, குறிப்பா என்று மனதுக்குள் உறுதி செய்துகொண்டுதான் வாயைத் திறப்பேன். சினிமாவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே அறுவை சிகிச்சை அறையிலிருந்து வெளியே வரும் டாக்டராக எட்டுப் படங்களில் வந்திருக்கிறேன். "எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம்" என்பதற்கு முன் நான் விட்ட இடைவெளியை ஓர் இயக்குநர் புகழ்ந்தார். "சும்மா நிக்கிறாரு, ஆனா வயித்தைக் கலக்குதுய்யா" என்றார். அப்படித்தான் எனக்கு ஒரு பெயர் வந்தது. ஆழமான நடிகர். மௌனத்தில் பேசுபவர். வசனத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தவன் என்று யாருக்கும் தெரியாது.

இந்தத் தொடரில் நான் பெரியப்பா. ஆறு வருடமாகிறது. கடைத்தெருவிலும் பெரியப்பா, செட்டிலும் பெரியப்பா. லைட்மேன் என்னைவிட மூத்தவர், அவரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

இரண்டு வருடங்களுக்கு முன் இடது காது போனது. ஒரு நாளில் போகவில்லை. வாடகைக்கு இருந்தவர் ஒவ்வொரு சாமானாக எடுத்துக்கொண்டு போவதுபோலப் போனது. முதலில் கடிகாரம், பிறகு குழாய்த் தண்ணீர், பிறகு மனைவி. எட்டு மாதத்துக்கு முன் வலது காதும் மங்கத் தொடங்கியது. காது டாக்டர் ஒரு மெஷினைக் கொடுத்தார். தோல் நிறத்தில், அவரை விதை அளவுக்கு. காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மெல்லிய குழாய் உள்ளே போகும். அதை என் சவரப் பெட்டியில் வைத்திருந்தேன்.

"அது அங்க என்ன கேக்குது? உங்க பிளேடு பேசறதையா?" என்று மனைவி கேட்பாள். வலது பக்கமாக வந்து நின்றுதான் கேட்பாள்.

"குளோசப்ல தெரியும்."

"தெரியட்டுமே. தொடர்ல பெரியப்பா வயசானவருதானே?"

"உனக்கு மாடியைப் பத்தித் தெரியாது."

மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொடரின் வீடு ஒரு கொட்டகைக்குள் போட்ட செட். கூடம், சமையலறை, மூன்று படுக்கையறைகள். கூடத்தின் நடுவில் அழகான கைப்பிடியோடு ஒரு மாடிப்படி. எட்டுப் படிகள் ஏறினால் ஒரு பிளைவுட் தட்டி இடிக்கும். அவ்வளவுதான். மேலே ஒன்றும் கிடையாது. எங்கள் தொடரில் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை. மாடிக்கு அனுப்புவார்கள். சித்தியாக நடித்தவருக்குப் போன வருடம் கை நடுங்கத் தொடங்கியது. ஒரு வாரம் அவர் காபிக் கோப்பையைத் தொடாத மாதிரி ஷாட் வைத்துப் பார்த்தார்கள். மறு வாரம் யாரோ, "சித்திக்கு உடம்புக்கு முடியல, மாடில படுத்திருக்காங்க" என்று ஒரு வசனம் சொன்னார்கள். இன்னும் படுத்திருக்கிறார். அவர் எப்படி இருக்கிறார் என்று தொடரில் யாரும் கேட்பதில்லை. நானும் ஒருமுறைதான் போன் செய்தேன்.

அதனால் தினமும் நான் செய்த முதல் வேலை, எடுத்துக் கொடுப்பவரை என் வலது பக்கம் நிறுத்துவது. எங்கள் உதவி இயக்குநருக்கு முப்பதுகூட ஆகவில்லை. டிக்டேஷன் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படிப்பதால் டீச்சர் என்று பெயர். "இடது கண்ணுல லைட் குத்துதும்மா, இந்தப் பக்கம் வந்துடு" என்பேன். "கழுத்து பிடிச்சிருக்கு" என்பேன். போதாததற்கு அவள் உதட்டையும் படித்துக்கொள்வேன். என் இடைவெளிகள் நீண்டன. பெரியப்பாவின் மௌனம் இன்னும் ஆழமாகிவிட்டது என்று பார்ப்பவர்கள் எழுதினார்களாம். மனைவி அதை என் வலது காதில் வாசித்துக் காட்டினாள். நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த காட்சி சின்னது. தம்பி மகள் தன் அறையில் யாரிடமோ போனில் கிசுகிசுக்கிறாள். அவள் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட விஷயம். பெரியப்பா கதவோரம் நிற்கிறார். கதவு திறக்கிறது. "பெரியப்பா... நீங்க எப்ப வந்தீங்க?" என்கிறாள். "இப்பதாம்மா. கண்ணாடியை எங்க வெச்சேன்னு தேடுறேன்." இவ்வளவுதான். கீழே ப்ராக்கெட்டில், பெரியப்பா காதில் விழுந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு மேக்கப் அறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

செட்டுக்குப் போனால் கதவு என் வலது பக்கம். கேமரா இடது பக்கம். வேறு எங்கும் வைக்க முடியாது. டீச்சர் கேமராவோடு எட்டடி தள்ளி, போன காதின் பக்கம் நின்றாள். என் முகம் கதவைப் பார்க்க வேண்டும், அவள் உதடும் தெரியாது. பரவாயில்லை, ஒரே வசனம்தானே என்று தேற்றிக்கொண்டேன். மேக்கப் அறையிலேயே அதை நாற்பது தடவை சொல்லி நெட்டுருப் போட்டிருந்தேன். இப்பதாம்மா. கண்ணாடியை எங்க வெச்சேன்னு தேடுறேன்.

இயக்குநர் மானிட்டருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "பெரியப்பா, அந்தக் கண்ணாடி வேண்டாம். போன வாரம்தான் தாத்தா சாவி தேடினாரு, மறுபடி தேடுனா வீடே லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் ஆபீஸ் மாதிரி இருக்குங்கறாங்க சேனல்ல. புது வசனம் டீச்சர் சொல்லும். நேரா டேக் போயிடலாம்."

என் கால் கட்டைவிரல் குளிர்ந்தது.

முதல் டேக். கதவு திறந்தது. அந்தப் பெண் கேட்டாள். நான் அவளைப் பார்த்தேன். எங்கோ தண்ணீருக்கடியில் யாரோ ஏதோ சொன்னதுபோல ஓர் அசைவு. காத்திருந்தேன். இன்னும் காத்திருந்தேன்.

"கட். பெரியப்பா, கேப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்குள்ள ஒரு விளம்பரம் போட்டுடலாம் போலிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததைப் பார்த்தேன்.

இரண்டாவது டேக்கில் பயத்தில் வாய் முந்திக்கொண்டது. "கண்ணாடியை..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"கட். கண்ணாடி வேண்டாம்னு சொன்னேனே. உடம்புக்கு ஏதாவது...?"

அந்தக் கேள்வி எனக்கு நன்றாகக் கேட்டது. சித்தியிடமும் அப்படித்தான் முதலில் கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். என் கண் தானாக மாடிப்படியில் போய் நின்றது. எட்டுப் படி.

மூன்றாவது டேக். இந்த முறை டீச்சர் கேமராவுக்குப் பக்கத்தில் இல்லை. எங்கே போனாள் என்று தேட நேரமில்லை, கதவு திறந்துவிட்டது. அந்தப் பெண் கையில் போனோடு நின்றாள். "பெரியப்பா... நீங்க எப்ப வந்தீங்க?"

கதவுக்குப் பின்னாலிருந்து, என் முழங்கால் உயரத்தில், வலது காதின் பக்கமாக ஒரு குரல் வந்தது. மெதுவான, தெளிவான குரல். அதை நான் வாங்கினேன். வழக்கமாக விடும் அந்த ஒரு மூச்சை அன்று விடவில்லை. கிடைத்ததே பெரிது என்று, தாகத்தில் தண்ணீர் குடிப்பவன்போல அப்படியே எடுத்துச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும். பயப்படாதே. மெதுவா சொல்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. குரல் "பயப்படாதே" என்று சொல்லவில்லை. "பயப்படாதீங்க" என்றது. பெரியப்பா தம்பி மகளிடம் "பயப்படாதீங்க" என்று சொல்ல மாட்டார் என்று என் வாய்தான் தானாகத் திருத்திக்கொண்டது. அப்படியானால் அந்த "ங்க" யாருக்கு?

எனக்கு. டீச்சர் என்னிடம் பேசியிருக்கிறாள்.

இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக ப்ராக்கெட்டைப் பேசிவிட்டேன். அதுவும் தாளில் இல்லாத ப்ராக்கெட்.

எதிரே நின்ற பெண் திகைத்துப் போனாள். அவள் எதிர்பார்த்த பதில் இது இல்லை. கையிலிருந்த போன் மெல்லத் தாழ்ந்தது. கண் நிறைந்தது. யாரும் கட் சொல்லவில்லை. நான் கதவின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மௌனத்தில் நான் நின்றதில்லை. அதில் நடிப்பு என்று ஒரு துளிகூட இல்லை.

பிறகு இயக்குநர் எழுந்து வந்தார். "இது யாரு எழுதினது?"

டீச்சர் கதவுக்குப் பின்னாலிருந்து முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்தேன். டீச்சர் வந்து வலது பக்கம் உட்கார்ந்தாள்.

"நாலு மாசமா தெரியும் சார். மத்தவங்க எல்லாம் கேமரா எங்கன்னு பாப்பாங்க. நீங்க என் வாயைப் பாப்பீங்க. மொதல்ல எனக்குக் கோவமா இருந்துச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது."

"யார்கிட்டயாவது சொன்னியாம்மா?"

"சொல்றதா இருந்தா உள்ள தவழ்ந்து வருவேனா? புது பேண்ட் சார் இது." முழங்காலில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினாள். "நீங்க நடுங்குனது தெரிஞ்சுது. அதான் தைரியம் சொல்லிட்டு அப்புறம் வசனத்தைச் சொல்லலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க அதையே பேசிட்டீங்க."

"என் வசனம் என்ன?"

"சாப்பிட்டியாம்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

டீச்சர் என் பக்கம் திரும்பினாள். தப்பாகப் படித்துவிட்டதாகப் பழியைத் தானே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சில நிமிடங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இயக்குநர் திரும்பி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "எழுத்தாளர் குதிக்கிறாரு! வீட்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா கதை எங்கயோ போயிடுது. டப்பிங்லயும் அதே வசனம்தான். பெரியப்பா, இனிமே எல்லாம் உங்க தலைமேலதான். நாளைக்கு ஏழு பக்கம். மொத்தக் குடும்பமும் உங்களைச் சுத்தி நின்னு கேள்வி கேக்குது."

ஏழு பக்கம். ஆறு வருடமாக நான் ஆசைப்பட்டது அரைப் பக்கம். குடும்பம் என்றால் பதினொரு பேர். நாலா பக்கத்திலிருந்தும் கேட்பார்கள்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றேன்.

மாலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கைவேலையை வைத்துவிட்டு எனக்கு வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். "யாரோ பெத்த அந்தப் பொண்ணு உங்களுக்காகத் தரையில தவழ்ந்திருக்கு. நீங்க ஒரு மெஷினை எடுத்து மாட்ட மாட்டேங்கறீங்க."

அவள் எழுந்து போய்ச் சவரப் பெட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

மறுநாள் மெஷினை மாட்டிக்கொண்டு போனேன். முதலில் எல்லாமே அதிகமாகக் கேட்டது. யாரோ தாளைப் புரட்டியது துணி கிழிவதுபோல இருந்தது. என் செருப்பே எனக்குப் பின்னால் யாரோ வருவதாகச் சொல்லியது. மேக்கப்காரர் தலையைச் சீவ வந்து சீப்போடு நின்றுவிட்டார். "பெரியப்பா, இது என்ன?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் இயக்குநரைக் கூட்டி வந்தார்.

இயக்குநர் என் காதைக் குனிந்து பார்த்தார். அவர் மூச்சு எனக்குப் புயலாகக் கேட்டது.

"எவ்வளவு நாளா?"

"இடது ரெண்டு வருஷம். சுத்தமா கேக்காது. வலது பாதி."

"அப்ப நேத்து..."

"ப்ராக்கெட்டைப் பேசிட்டேன் சார். டீச்சர் மேல தப்பு இல்ல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நினைத்தது வேறு. "கன்டினியூட்டி என்ன ஆவுறது பெரியப்பா? நேத்து கதவுக்கு அந்தப் பக்கம் கிசுகிசுத்ததைக் கேட்ட ஆளு நீங்க. இன்னைக்குக் காதுல மெஷினோட வந்து நின்னா ஜனங்க சிரிக்க மாட்டாங்க? கழட்டினா உங்களுக்கு வசனம் கேக்காது. மாட்டினா கதை நிக்காது." அவர் பார்வை திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துக்குப் போனது. மாடிப்படியைத்தான் பார்த்தார். எனக்குத் தெரியும்.

எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. வலது பக்கத்திலும் இல்லை, இடது பக்கத்திலும் இல்லை.

"பெரியப்பாவுக்கு நல்லா காது கேக்கும் சார்" என்றேன். "ஆனா கேக்காத மாதிரி நடிச்சுக்கிட்டிருக்காரு. இந்த மெஷினை இன்னைக்குத்தான் மாட்டறாரு. பாவம், கெழவனுக்கு மெஷின் மாட்டியும் காது கேக்கலைன்னு நெனச்சு எல்லாரும் அவர் முன்னாடியே எல்லாத்தையும் பேசுவாங்க. அவரு ஒவ்வொண்ணா சேத்து வெச்சுக்குவாரு."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "காது கேக்காத நீங்க, காது கேக்கற ஆளா நடிச்சு, அந்தாளு காது கேக்காத மாதிரி நடிக்கிறதா நடிக்கணும்" என்றார்.

"ஆமா சார்."

"எனக்கே தலை சுத்துது." அவர் எழுந்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்தேன். கூடத்தில் பதினொரு பேரும் தயாராக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைக் கடந்து உடை அறைப் பக்கம் நடந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் நின்றேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"...ஆமா, காதுதான்... இல்ல, இப்ப மாடி வேண்டாம். ஐடியா நல்லாத்தான் இருக்கு... எவ்வளவு நாள் தாங்குவாருன்னு தெரியல. மூணு மாசம் பாக்கலாம். அதுக்குள்ள அவருக்கு முடியலைன்னா... ஆமா, அப்பப் பாத்துக்கலாம். அவருகிட்ட இப்ப சொல்ல வேண்டாம்."

மூன்று மாதம். மெஷினுக்குள் என் இதயம் தட்டுவதும் கேட்டது.

கதவு திறந்தது. அவர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். போன் இருந்த கை தாழ்ந்தது. "பெரியப்பா... நீங்க எப்ப வந்தீங்க?"

நான் ஒரு மூச்சு காத்திருந்தேன்.

"இப்பதான் சார். கண்ணாடியை எங்க வெச்சேன்னு தேடுறேன்."

அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.